பின்தொடராமல் விளம்பரம் செய்வது: கிருஷ்ணகிரி, தர்மபுரி சிறு வியாபாரிகளுக்கு

காவேரிப்பட்டணத்தில் ஒருவர் சொட்டுநீர்க் குழாய் விலையை ஒரு தளத்தில் பார்க்கிறார். அதன்பிறகு பத்து நாளைக்கு, ராசிபலன் திறந்தாலும் கிரிக்கெட் ஸ்கோர் திறந்தாலும் அதே குழாய் ஓரத்தில் வந்து நிற்கிறது. மூன்றாம் நாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அவர் குழாய் வாங்கிவிட்டார். விளம்பரத்துக்கு அது தெரியாது. பிரவுசரில் இப்படித் துரத்துவதற்கு வெகுகாலம் கைகொடுத்தது மூன்றாம் தரப்பு குக்கி. அது இல்லாமலே ஒரு சிறு கடை எப்படி விளம்பரம் செய்யலாம், வாங்குபவரின் அந்தரங்கத்தைக் கெடுக்காமல் எப்படிக் கணக்குப் பார்க்கலாம் என்பதுதான் இங்கே விஷயம். உதாரணத்துக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழப் பெட்டி அனுப்பும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சந்தூர் பக்கத்து மாங்கன்று நர்சரிக்கும் பர்கூர் ஜவுளிக்கடைக்கும் இதே முறை பொருந்தும்.

யாருடைய நோட்டு?

குக்கி என்பது ஒரு தளம் உங்கள் பிரவுசரில் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் புளி வியாபாரி உங்கள் பெயரில் பாக்கி எழுதி வைத்திருந்தால் அது அவருடைய நோட்டு, அவருக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. முதல் தரப்பு குக்கி அந்த மாதிரி. கூடையில் போட்ட பொருள், தேர்ந்தெடுத்த மொழி, லாகின் எல்லாம் அதில்தான் நிற்கின்றன. அதே சந்தையில் ஓர் ஆள் எல்லாக் கடை வாசலிலும் நின்று, நீங்கள் எந்தக் கடையில் என்ன விலை கேட்டீர்கள் என்று ஒரே நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால்? அதுதான் மூன்றாம் தரப்பு குக்கி. செய்திப் பக்கத்துக்குள் விளம்பரக் கம்பெனியின் ஒரு துண்டுக் கோடு (கம்ப்யூட்டர் நிரல்) உட்கார்ந்திருக்கும். அடுத்த தளத்திலும் அதே கம்பெனியின் கோடு இருக்கும். இரண்டு இடத்திலும் வந்தது ஒரே ஆள் என்று அந்தக் குறிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போதைய நிலைமை பற்றித் தவறான தகவல் நிறையச் சுற்றுகிறது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்பு குக்கிகளை முழுக்கத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-ல் தெரிந்த டிராக்கர்களைத் தடுக்க ஆரம்பித்து, 2022-ல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் பூட்டியது. கூகுள் குரோம் 2020-ல் ‘நீக்கப் போகிறோம்’ என்று அறிவித்தது, பலமுறை தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. மாற்றாகக் கொண்டுவந்த ‘பிரைவசி சாண்ட்பாக்ஸ்’ கருவிகளில் பெரும்பாலானவற்றை 2025 அக்டோபரில் மூடுவதாகச் சொல்லிவிட்டது. ஆகவே அவற்றில் ஒன்றான ‘டாபிக்ஸ்’ கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பழைய வீடியோக்களில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். குரோமில் அந்தக் குக்கி இன்னும் ஓடும், ஐபோனில் ஓடாது. சிலரைக் காட்டிச் சிலரை மறைக்கும் அளவுகோலை நம்பி நம் ஊர்க் கடை பணம் போடக்கூடாது.

இன்னொன்று. நம் பக்கத்தில் பலரும் விளம்பரத்தைப் பார்ப்பது யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆப்புகளுக்குள். அங்கே இந்தக் குக்கிக்கு வேலை இல்லை. ஆண்ட்ராய்டு போனுக்கென்று ஒரு விளம்பர அடையாள எண் இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் ஆட்ஸ் என்று போனால் அதை அழித்துவிடலாம். உங்கள் போனில் முதலில் செய்து பாருங்கள். ஐபோனிலோ 2021 ஏப்ரலிலிருந்து, பிற ஆப்புகளில் பின்தொடர வேண்டுமானால் ஒவ்வொரு ஆப்பும் கேட்டு அனுமதி வாங்கியாக வேண்டும்.

முதல் படி: சொந்தத் தளத்தைச் சோதிப்பது

விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன், உங்கள் தளம் வருபவர்களை யாரிடம் காட்டிக்கொடுக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் குரோமின் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, மூன்றாம் தரப்பு குக்கிகளைத் தடுக்கும் ஸ்விட்ச் இருந்தால் இந்தச் சோதனைக்காக மட்டும் அணைத்துவிட்டு, தளத்துக்குப் போங்கள். எஃப்12 பட்டனை அழுத்தி, ‘அப்ளிகேஷன்’ பகுதியில் ‘குக்கீஸ்’ என்பதை விரியுங்கள். உங்கள் தளத்தின் பெயர் தவிர வேறு பெயர்கள் இருந்தால் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இது எதற்கு?’ என்று கேளுங்கள். பதில் தெரியாதது எல்லாம் எடுக்க வேண்டியது.

சிறு கடைத் தளங்களில் வழக்கமாகச் சிக்குவது இவை: முன்பு தளம் செய்து கொடுத்தவர் போட்டுவிட்டு மறந்த பிக்சல் (வருபவரை விளம்பரக் கம்பெனிக்குச் சொல்லும் கோடு), ஃபேஸ்புக் பேஜ் பெட்டி, ஷேர் பட்டன்கள், இலவச சாட் பெட்டி, தோட்டத்தைக் காட்டும் யூடியூப் வீடியோ. பிக்சலையும் பெட்டிகளையும் நீக்கலாம். ஷேர் பட்டனுக்குப் பதில் சாதாரண லிங்க் போதும். யூடியூப் வீடியோவைப் பதிக்கும்போது ‘பிரைவசி என்ஹான்ஸ்டு மோட்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் ‘நோகுக்கி’ என்ற சொல் உள்ள முகவரியில் கோடு கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள். கடைக்கு வழி காட்டும் மேப்புக்குப் பதில் ஒரு படம் வைத்து அதன்மேல் லிங்க் கொடுங்கள். இதில் கூடுதல் லாபமும் உண்டு: அஞ்செட்டி, தளி மாதிரி சிக்னல் குறைந்த இடங்களில் பக்கம் வேகமாகத் திறக்கும்.

அனுமதி கேட்கும் பெட்டி வைத்திருந்தால் ‘மறுக்கிறேன்’ பட்டனும் ‘ஏற்கிறேன்’ பட்டனும் ஒரே அளவில் இருக்கட்டும். மறுத்தபின் எஃப்12-ல் மறுபடி பாருங்கள். மறுத்தும் குக்கி விழுந்தால் பெட்டி வெறும் அலங்காரம். பெட்டி வருவதற்கு முன்பே பிக்சல் ஓடிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

இரண்டாம் படி: தேடுபவரிடம் போய் நிற்பது

யார் என்ன தேடுகிறார் என்பதை வைத்துக் காட்டும் விளம்பரத்துக்கு மூன்றாம் தரப்பு குக்கி தேவையே இல்லை. ‘கிருஷ்ணகிரி மாம்பழம் பெங்களூர் டெலிவரி’ என்று ஒருவர் தட்டும்போது தன் தேவையைத் தானே சொல்லிவிட்டார். கூகுள் தன்னிடம் உள்ள தகவலையும் அதோடு சேர்த்துப் பார்க்கும்தான். ஆனால் நீங்கள் அவரை நாலு தளத்துக்குத் துரத்த வேண்டியதில்லை. புதிதாக ஆரம்பிப்பவர் முதல் ரூபாயை இங்கேதான் போட வேண்டும்.

அதற்கும் முன்னால் கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரிசெய்யுங்கள். அது இலவசம். கடைப் பெயர், திறக்கும் நேரம், கைபேசி எண், இந்த சீசன் எடுத்த படம் எல்லாம் சரியாக இருந்தால், ‘பக்கத்தில் மாம்பழக் கடை’ என்று தேடுபவர் விளம்பரம் இல்லாமலே வருவார்.

கூகுள் ஆட்ஸில் புதுக் கேம்பெயின் (ஒரு பட்ஜெட்டில் ஓடும் விளம்பரத் தொகுப்பு) போடும்போது ‘சர்ச்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் ‘டிஸ்ப்ளே நெட்வொர்க்’ என்ற கட்டம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் தேடலுக்கு ஒதுக்கிய பணம் எங்கெங்கோ பேனராகக் கரையும். அடுத்து இடம். ‘இந்த ஊரில் இருப்பவர்கள் அல்லது ஆர்வம் உள்ளவர்கள்’ என்பதுதான் தானாக அமையும் தேர்வு. அதை ‘இருப்பவர்கள்’ என்று மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் ஒகேனக்கல் சுற்றுலா பற்றித் தேடும் டெல்லிக்காரருக்கும் தர்மபுரிக் கடை விளம்பரம் போகும். ஓசூர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அங்கே தங்கி பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம், மொபைல் டேட்டா காட்டும் ஊரும் சில சமயம் பிசகும். ஓசூரையும் பெங்களூரையும் தனித்தனிக் கேம்பெயினாக வைத்தால் பணம் எங்கே போகிறது என்பது தெரியும். மொழி கேட்கும் இடம் இருந்தால் தமிழோடு ஆங்கிலத்தையும் கன்னடத்தையும் சேருங்கள். அந்த அமைப்பு ஆளின் தாய்மொழியைப் பார்ப்பதில்லை, போனில் வைத்திருக்கும் மொழி போன்றவற்றைத்தான் பார்க்கும்.

கீவேர்டுகளில்தான், அதாவது எதைத் தேடினால் நம் விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொற்களில்தான், உழைப்பு இருக்கிறது. மாம்பழம் என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டால் ஜூஸ் செய்முறை தேடுபவரும் ஓவியம் தேடும் பள்ளிக் குழந்தையும் வந்து கிளிக் செய்வார்கள். ‘செந்தூரா மாம்பழம் 5 கிலோ’, ‘இமாம் பசந்த் ஆன்லைன்’, ‘கார்பைடு இல்லாத மாம்பழம்’ என்று வாங்கும் எண்ணம் தெரியும் தொடர்களை ‘ஃபிரேஸ் மேட்ச்’ வகையில் (அந்தத் தொடரின் பொருள் அடங்கிய தேடலுக்குக் காட்டும் வகை) போடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் பலர், அந்த வடிவத்தையும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் சேர்க்க வேண்டும். விலக்கும் சொற்களாக ‘ரெசிபி’, ‘படம்’, ‘கன்று’, ‘நர்சரி’, ‘வேலை’, ‘கூழ்’ ஆகியவற்றைப் போடுங்கள். தோத்தாபுரியையும் (இங்கே பெங்களூரா என்பார்கள்) விலக்குவது நல்லது. அதைத் தேடுபவர் கூழ் ஃபேக்டரிக்கு டன் கணக்கில் கேட்பவராக இருக்கலாம், 5 கிலோ பெட்டிக்கு வரமாட்டார். வாரம் ஒருமுறை ‘சர்ச் டெர்ம்ஸ்’ அறிக்கையைத் திறந்து, உண்மையில் என்ன தட்டி வந்தார்கள் என்று பார்த்து, சம்பந்தமில்லாதவற்றை விலக்குப் பட்டியலில் தள்ளுங்கள். முதல் மூன்று வாரம் இதைச் செய்யாதவர்கள்தான் ‘கூகுளில் போட்டேன், பணம் போச்சு’ என்கிறார்கள்.

பணக் கணக்கு. தினம் ₹300 என்று வைத்தால் ஒரு நாள் ₹600 வரை செலவாகலாம். அது பிழை அல்ல. நாளுக்கு இரு மடங்கு வரை போகவிட்டு, மாதத்துக்கு 30.4 நாள் கணக்கில் ₹9,120-ஐத் தாண்டாமல் நிறுத்துவார்கள். முன்பணம் கட்டும் கணக்கு என்றால் 18% ஜி.எஸ்.டி. அதற்குள்ளேயே கழியும். ₹1,000 கட்டினால் விளம்பரத்துக்குக் கிடைப்பது சுமார் ₹847. ஜி.எஸ்.டி. எண் உள்ளவர்கள் கணக்கு தொடங்கும்போதே அதைப் பதிந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பார்ப்பது

மாங்கன்று விற்பவர் விவசாய யூடியூப் சேனல்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்து, அவற்றில் மட்டும் விளம்பரம் காட்டலாம். அதற்குப் ‘பிளேஸ்மெண்ட்’ என்று பெயர். அங்கே ‘ஆப்டிமைஸ்டு டார்கெட்டிங்’ இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தைத் தாண்டி அதுவே ஆள் தேடிப் போகும். மாவட்டச் செய்தித் தளம் நடத்துபவரிடம் நேரடியாக மாத வாடகை பேசுவதும் நல்ல வழி. படத்தை அவர் சர்வரிலேயே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக்கு ஒரு லிங்க், அவ்வளவே. இடையில் எந்தக் கம்பெனியின் கோடும் வேண்டாம்.

நான்காம் படி: நாமே எண்ணுவது

தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கருவிகள் காட்டும் எண்ணிக்கையில் ஓட்டை உண்டு. இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தொட்டால் பக்கம் அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும். அதே ஆள் இரவு குரோமில் வந்து ஆர்டர் போட்டால், கணக்கில் அவர் வேறு ஆள். சஃபாரியில், தளத்தின் ஸ்கிரிப்ட் எழுதும் முதல் தரப்பு குக்கிக்குக்கூட அதிகபட்சம் 7 நாள்தான் ஆயுள். மாம்பழம் வாங்க ஒரு நாள் போதும், பெரிய பாதிப்பில்லை. ஓசூரில் வீட்டுமனை விற்பவருக்கோ வாடிக்கையாளர் ஒரு மாதம் யோசிப்பார். ஐபோனில் வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டு நாலு முறை வந்த ஒரே குடும்பத்தை நாலு ‘புதிய’ பார்வையாளராக அறிக்கை காட்டும்.

அதனால் லிங்கிலேயே குறி வையுங்கள். தளத்துக்கு வரும் ஒவ்வொரு லிங்கிலும் யு.டி.எம். குறிகள் (முகவரியின் கடைசியில் ஒட்டும் சொற்கள்) மூன்று போதும்: எங்கிருந்து, எந்த வழியில், எந்தக் கேம்பெயின். எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்தால் அறிக்கையில் ஒரே இடம் இரண்டு வரியாகப் பிரியும். இந்தக் குறி எந்த இடத்திலிருந்து வந்தார் என்பதை மட்டும் சொல்லும், ஆள் யார் என்று சொல்லாது.

வாட்ஸ்அப் ஆர்டருக்கு இன்னும் எளிது. வாட்ஸ்அப் லிங்கில் முன்கூட்டியே ஒரு செய்தியை எழுதி வைக்கலாம். எண்ணுக்கு முன் 91 வர வேண்டும்; கூட்டல் குறியோ தொடக்கத்தில் பூஜ்யமோ போடக்கூடாது. செய்தியில் இடைவெளி வரும் இடத்தில் %20 என்று போடுங்கள். யூடியூபுக்கு ‘மாம்பழம் வேண்டும் 1’, செய்தித் தளத்துக்கு ‘மாம்பழம் வேண்டும் 2’, பேருந்து நிலைய நோட்டீஸின் கியூஆர் படத்துக்கு ‘3’ என்று வைத்தால் வரும் செய்தியே இடத்தைச் சொல்லிவிடும். சிலர் அந்த வரியை அழித்துவிட்டு ‘ரேட் என்ன’ என்று மட்டும் அனுப்புவார்கள். அவர்களிடம் ‘எதுல பார்த்துட்டு கேக்கறீங்க?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனில் வரும் ஆர்டருக்கும் இதே கேள்வி. ஒரு நோட்டில் ஐந்து பத்தி: தேதி, குறி, ஊர், வாங்கினாரா, தொகை. பெயரும் எண்ணும் இந்த நோட்டில் வேண்டாம், அவை பில்லில் இருக்கின்றன.

கணக்கு எப்படிப் போடுவது என்று ஓர் உதாரணம். 20 நாளில் வரி நீங்கலாக ₹6,000 செலவு, 40 விசாரிப்பு, 12 ஆர்டர். கருவி ‘40 கன்வெர்ஷன்’ (விளம்பரம் பலன் தந்த தடவை) என்று காட்டும். ஆனால் 5 கிலோ பெட்டி ₹900-க்கு விற்று, பழம், அட்டைப்பெட்டி, வைக்கோல், பார்சல் கூலி போக ₹220 நிற்கிறது என்றால் 12 பெட்டிக்கு ₹2,640. கையிலிருந்து ₹3,360 போயிருக்கிறது. வாங்காமல் போன 28 பேரில் பலர் பார்சல் கூலியைக் கேட்டதும் நின்றிருந்தால் அதை விளம்பரத்திலேயே எழுதுங்கள். வெறும் விசாரிப்பு குறையும், அதற்கான கிளிக் செலவும் குறையும். பெங்களூர் அபார்ட்மெண்ட்காரர்கள் சேர்ந்து 10 பெட்டி எடுத்தால் கூலி குறைவு என்று தனியாக ஒரு விளம்பரம் வைப்பது, ஒற்றைப் பெட்டியைத் துரத்துவதைவிட மேல்.

விளம்பரத்தால்தான் விற்றதா என்று சந்தேகம் வந்தால் ஊரைப் பிரித்துச் சோதிக்கலாம். இரண்டு வாரம் ஓசூரில் மட்டும் காட்டுங்கள், தர்மபுரியில் நிறுத்துங்கள். அடுத்த இரண்டு வாரம் மாற்றுங்கள். ஆடிப்பெருக்கு, பொங்கல் வரும் வாரங்களைத் தவிருங்கள். இரண்டு வாரத்தில் 20 ஆர்டர்கூட வராத கடைக்கு இந்தச் சோதனை பயன்படாது: 3-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வரும்.

ஐந்தாம் படி: எண் வாங்கும்போது

வாடிக்கையாளர் தானே தரும் கைபேசி எண்தான் உங்களிடம் இருக்கும் மிக மதிப்புள்ள தகவல். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வியாபாரிகளுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்டர் படிவத்தில் தமிழில் இப்படி எழுதலாம்:

‘பழம் அனுப்புவதற்காக உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண் வாங்குகிறோம். பார்சல் கம்பெனி தவிர யாருக்கும் தர மாட்டோம். அடுத்த சீசன் விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வேண்டுமானால் கீழே உள்ள கட்டத்தைத் தொடுங்கள். எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் ‘நிறுத்து’ என்று அனுப்புங்கள், எண்ணை எடுத்துவிடுவோம்.’

கட்டம் காலியாக இருக்க வேண்டும், நீங்களே டிக் போட்டு வைக்கக் கூடாது. குறைகளை யாரிடம் சொல்வது, தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு எப்படிப் புகார் செய்வது என்பதையும் சேருங்கள்.

வாட்ஸ்அப் குரூப் தொடங்கி எல்லா வாடிக்கையாளர்களையும் சேர்ப்பது நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஒரே நிமிடத்தில் இருநூறு பேரின் எண், அவர்களில் பெண்களின் எண்ணும், முன்பின் தெரியாதவர்களுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பதில், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் பட்டியல் வையுங்கள். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். ‘அனுப்பினேன், வரலைங்கறாங்க’ என்பதற்கு வழக்கமான காரணம் அதுதான். வாட்ஸ்அப் சேனலும் ஆகும், பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது.

டியூஷன் சென்டர், விளையாட்டுப் பயிற்சி நடத்துபவர்கள் பெற்றோரைப் பார்த்து விளம்பரம் செய்யுங்கள். இந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் குழந்தை. அவர்களைக் கண்காணிப்பதற்கும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை.

விளம்பர ஏஜென்சியிடம் சொல்ல வேண்டிய ‘வேண்டாம்’

‘மாவட்டத்து எண்கள் ஐம்பதாயிரம் இருக்கு, வாங்கிக்கங்க’ என்றால் வேண்டாம். அந்த எண்களுக்குரியவர்கள் உங்களுக்கு அனுமதி தரவில்லை. ‘குக்கி இல்லாமலே டிராக் பண்றோம்’ என்றால், போனின் திரை அளவு, எழுத்துரு, பேட்டரி நிலை போன்றவற்றைச் சேர்த்து ஆளை அடையாளம் காணும் கைரேகை முறையாக இருக்கலாம். குக்கியையாவது பயனர் அழிக்கலாம், இதை அழிக்க வழியே இல்லை. ‘சர்வர் பக்கம் மாத்திட்டா பிரைவசி சரியாயிடும்’ என்பதையும் நம்பாதீர்கள்; பிரவுசருக்குப் பதில் உங்கள் தளத்தின் சர்வர் அனுப்பும், போகும் தகவல் அதேதான், பாதைதான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

வாடிக்கையாளர் பட்டியலை விளம்பரத் தளத்தில் ஏற்றச் சொல்வார்கள். ‘ஹேஷ் செய்துதான் போகும், யாருக்கும் தெரியாது’ என்பார்கள். ஹேஷ் என்பது எண்ணைப் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றுவது. இந்தியக் கைபேசி எண் 10 இலக்கம், 6 முதல் 9-க்குள் தொடங்கும். மொத்தம் 400 கோடி வாய்ப்புதான். அத்தனையையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டு எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண கம்ப்யூட்டரே போதும். வாடிக்கையாளர் இதற்கென்று தனியாகச் சம்மதிக்காமல் ஏற்றாதீர்கள்.

விளம்பரக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். ஏஜென்சிக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் கணக்கில் ஓடினால், பிரியும் நாளில் கீவேர்டு, விலக்குப் பட்டியல், இரண்டு வருட அனுபவம் எல்லாம் அவர்களோடு போய்விடும்.

சீசன் முடியும்போது

ஜூலைக் கடைசியில் பழம் தீர்ந்த அன்றே கேம்பெயினை நிறுத்துங்கள். அது தானாக நிற்காது, ஆடி தாண்டியும் பணம் எடுத்துக்கொண்டே இருக்கும். பிறகு வாடிக்கையாளர் எண்களைப் பிரித்து வையுங்கள். பில் விவரங்களை ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவற்றைத் தனி ஃபைலில் பூட்டுங்கள், விளம்பரத்துக்கு எடுக்காதீர்கள். கட்டத்தைத் தொட்டவர்களின் எண் அடுத்த சீசனுக்கு இருக்கட்டும். விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களின் எண்ணையும் சாட்டையும் கடைப் போனிலிருந்து அழியுங்கள். பேக்கிங் பையனின் போனிலும் டெலிவரிக்கு என்று அனுப்பிய முகவரி ஸ்கிரீன்ஷாட்டுகள் கிடக்கும், அவற்றையும் உட்கார்ந்து அழிக்கச் சொல்லுங்கள்.